கம்பிக்கூட்டுக்குள் ஒரு மொட்டு

சருகைக் கண்டால் என் கணவருக்குக் கை சும்மா இருக்காது. நாங்கள் புலம்பெயர்ந்து வந்த இந்தக் குளிர்நாட்டில், கர்க்லாண்டில் எங்கள் தெருவில் ஏப்ரல் மாதம் எந்த வீட்டின் முன்னால் கடதாசிப் பைகள் அதிகம் நிற்கின்றனவோ அதுதான் ஒழுங்கான வீடு என்பது அவருடைய எண்ணம். பைக்குள் சருகை அடைப்பார், காலால் மிதிப்பார், இன்னும் அடைப்பார். பிறகு பைகளை வரிசையாகத் தெருக்கரையில் நிறுத்திவிட்டு இடுப்பில் கைவைத்து நின்று பார்ப்பார். நான் முன் யன்னலுக்குப் பின்னால் நின்று பல்லைக் கடிப்பேன்.

முன்பக்கம் அவருக்கு, பின்வளவு எனக்கு என்று எங்களுக்குள் ஓர் ஒப்பந்தம் இருந்தது. அவரும் ஓம் என்றுதான் தலையாட்டினார். ஆனாலும் ஒவ்வொரு வசந்தத்திலும் நான் வேலைக்குப் போன நேரம் பார்த்து சருகு வாரும் வறண்டியோடு எல்லை தாண்டிவிடுவார். கேட்டால் பதில் தயாராக இருக்கும்.

"முன்னுக்கு இருந்து காத்துக்குப் பறந்துபோன சருகைத்தான் அள்ளினனான். அது என்ர சருகுதானே."

இப்படிச் சொல்லும் மனிதரோடு என்ன சண்டை போடுவது? ஆனாலும் போட்டேன். கல்யாணம் கட்டிய நாளிலிருந்து மற்ற விஷயங்களுக்காகப் போட்ட சண்டைகளையெல்லாம் கூட்டினாலும் சருகுக்குப் போட்டதற்குக் கிட்ட வராது.

வளவு அப்படி ஒன்றும் பெரியதல்ல. வீட்டுக்குப் பின்னால் நிலம் சரிந்து போகிறது. அந்தச் சரிவில் மேப்பிள் மரங்கள் சில, கிழண்டு பருத்த பீச் மரம் ஒன்று, இடையில் பேர் தெரியாத பற்றைகள். வீடுகள் கட்டியவர்கள் ஏனோ அந்தத் துண்டை வெட்டாமல் விட்டுவிட்டார்கள். நாங்கள் வாங்கிய புதிதில் வீடு பார்க்க வந்த சொந்தக்காரர் எல்லாரும் குளியலறையைப் பாராட்டினார்கள், மாபிளைத் தடவிப் பார்த்தார்கள். பின்கதவைத் திறந்ததும் முகம் மாறிவிடும். "வெட்டித் துப்பரவாக்கினால் மரக்கறித் தோட்டம் போடலாமே" என்று ஒருவர் விடாமல் சொன்னார்கள். கத்தரியும் மிளகாயும் அந்த நிழலில் என்னத்தைக் காய்க்கும் என்று யோசிக்க ஒருவருக்கும் பொறுமை இருக்கவில்லை.

எனக்கும் அந்தத் துண்டில் முதலில் அக்கறை இல்லை. அவருக்கு முதுகு பிடித்துக் கட்டிலில் கிடந்த ஒரு வசந்தத்தில்தான் எல்லாம் தொடங்கியது. அந்த முறை சருகை அள்ள ஆளில்லை. நான் ஒரு கார்டெரியில், குழந்தைகள் காப்பகத்தில், வேலை செய்கிறேன். நாள் முழுக்கப் பிறர் பிள்ளைகளுக்கு மூக்குத் துடைத்து, சப்பாத்து மாட்டிவிட்டு, அழுகைக்கும் சிரிப்புக்கும் ஒரே மாதிரியான பிரெஞ்சில் பதில் சொல்லிவிட்டு வீட்டுக்கு வந்தால் காதுக்குள் இரைச்சல் நிற்காது. ஒருநாள் அப்படி வந்து, சப்பாத்தைக் கழற்றாமலே பின்னால் போய் நின்றேன். ஊறிக் கறுத்த சருகைத் துளைத்துக்கொண்டு, இலையைப் போர்வை மாதிரிச் சுற்றியபடி, ஒரு வெள்ளை மொட்டு வெளியே வந்திருந்தது. குனிந்து பார்த்தேன். பக்கத்தில் இன்னொன்று, அதற்குப் பக்கத்தில் இன்னொன்று. நான் ஒன்றும் நடவில்லை, ஒரு சொட்டுத் தண்ணீர் ஊற்றவில்லை. அவை என்னிடம் ஒன்றும் கேட்கவும் இல்லை. அன்று அங்கே நின்றபோது எனக்கு இருந்த சந்தோஷத்தைச் சொன்னால் நம்பமாட்டீர்கள்.

சந்தோஷம் அவ்வளவுதான். அதற்குப் பிறகு எல்லாம் எரிச்சல்.

காட்டுப்பூ பார்ப்பது அமைதியான பொழுதுபோக்கு என்று யாராவது சொன்னால் அவரை எங்கள் வளவுக்கு அனுப்பிவையுங்கள். முதலில் இந்த ஊரின் வசந்தமே ஏமாற்று வித்தை. இரண்டு நாள் வெயில் அடிக்கும். குளிர்ச் சட்டைகளைக் கழுவி மடித்து நிலக்கீழ் அறைக்குள் வைப்போம். மூன்றாம் நாள் பனி கொட்டும். முளைத்து வந்தவையெல்லாம் பனிக்குள் தலையை நீட்டிக்கொண்டு நிற்கும். நான் யன்னலில் நின்று அவற்றுக்காக நடுங்குவேன்.

அடுத்தது நேரம். இலையைப் போர்த்திக்கொண்டு வரும் அந்த வெள்ளைப் பூவுக்குப் பிரெஞ்சில் ரத்தத்தை வைத்துப் பெயர் சொல்கிறார்கள், தண்டை முறித்தால் சிவந்த பால் வடியும் என்பதால். அது வெயில் இருந்தால்தான் திறக்கும். வெயில் இருக்கும் நேரம் நான் கார்டெரியில் யாரோ ஒரு பிள்ளைக்குச் சூப்பை ஊதிக் கொடுத்துக்கொண்டிருப்பேன். வேலை முடிந்து, பஸ் பிடித்து, ஓடி வந்து பார்த்தால் கையைப் பொத்தியதுபோல் மூடிக்கொண்டு நிற்கும். சரி, சனிக்கிழமை பார்ப்போம் என்றால் வெள்ளிக்கிழமை மழை பெய்து இதழெல்லாம் சருகின்மேல் உதிர்ந்து கிடக்கும். ஒரு வசந்தத்தில் சுகமில்லை என்று பொய் சொல்லி லீவு போட்டுவிட்டு வீட்டில் இருந்தேன். அன்று முழுநாளும் முகில்.

மஞ்சள் லில்லிகள் இன்னொரு கூத்து. புள்ளி போட்ட இலைகளால் சரிவின் அரைவாசியை மூடிவிடும். இவ்வளவு இலைக்கு எவ்வளவு பூ வரப்போகிறது என்று ஆசையோடு பார்த்தால் அங்கொன்று இங்கொன்றாகத் தலையைக் குனிந்துகொண்டு நிற்கும். முகத்தைப் பார்க்க வேண்டுமென்றால் நாங்கள் நிலத்தில் படுக்க வேண்டும். நான் படுத்தேன். பக்கத்து வீட்டுக்காரர் வேலிக்கு மேலால் எட்டிப் பார்த்து, விழுந்துவிட்டீர்களா மதாம் என்று கேட்டார்.

இத்தனைக்கும் நடுவில் நான் உண்மையாகக் காத்திருந்தது ஒன்றே ஒன்றுக்குத்தான். பீச் மரத்தின் வேருக்கிடையில் ஒரு கூட்டமாக நின்ற ட்ரில்லியம் என்ற காட்டுப்பூ.

இந்த நாட்டில் அது பெரிய அதிசயம் இல்லை. காட்டுப் பாதைகளில் போனால் நூற்றுக்கணக்கில் வெள்ளையாகப் பூத்திருக்கும். போனில் படம் பார்க்கலாம். ஆனால் எனக்கு என் வளவில் நிற்பதுதான் வேண்டும். யார் வீட்டு விதையோ, எறும்பு இழுத்துக்கொண்டு வந்து போட்டிருக்க வேண்டும். முதலில் ஒற்றை இலையாகத்தான் வந்தன. அடுத்த வருஷமும் ஒற்றை இலை. அதற்கடுத்த வருஷமும். பிறகு ஒருமுறை சிலவற்றில் ஒரு தண்டில் மூன்று இலையாக விரிந்தபோது நான் துள்ளினேன். இனிப் பூதான் என்று நினைத்தேன். பூ வரவில்லை. மூன்று இலையோடு வரும், கோடையில் மஞ்சளாகிப் படுத்துவிடும். விதையிலிருந்து பூவரைக்கும் ஏழெட்டு வருஷம் எடுக்கும் என்று நூலகத்தில் எடுத்த ஒரு பிரெஞ்சுப் புத்தகத்தில் போட்டிருந்தது. பூவை இலையோடு பறித்தால் கிழங்கு பட்டினி கிடக்கும், செத்துப்போகவும் கூடும், தப்பினாலும் மறுபடி பூக்கப் பல வருஷம் செல்லும் என்றும் போட்டிருந்தது. அந்தப் பக்கத்தைப் படித்த நாளிலிருந்து கண்ணில் எண்ணெய் விட்டுக் காவல் காத்தேன்.

ஏன் இவ்வளவு பிடிவாதம் என்று கேட்டால் நேராகவே சொல்லிவிடுகிறேன். இந்த வீட்டில் எனக்கென்று ஒன்றும் இல்லை. சமையல் எல்லாருக்கும். சம்பளம் வீட்டுக்கடனுக்கு. ஞாயிற்றுக்கிழமை சொந்தக்காரருக்கு. அந்தப் பூவை மட்டும் ஒருவரும் கேட்கமாட்டார்கள், நான் மட்டும் பார்ப்பேன் என்று நினைத்திருந்தேன். அதைத்தான் ஏழு வருஷமாகப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

போன வசந்தத்துக்கு முந்தின வசந்தத்தில் ஒரு மொட்டு வந்தது. ஒரே ஒரு மொட்டு. அடுத்த நாள் காலையில் மொட்டையும் காணோம், மேல் இலையையும் காணோம். முயல் நறுக்கென்று கத்தரித்ததுபோல் கடித்துவிட்டுப் போயிருந்தது. அன்று கார்டெரியில் ஒரு பிள்ளை முயல் படம் கீறிக்கொண்டு வந்து நீட்டியது. அதைச் சுவரில் ஒட்ட எனக்கு மனம் வரவில்லை.

ஆகவே போன ஏப்ரலில், பக்கத்தில் நின்ற இன்னொரு தண்டில் மூன்றிலைகளுக்கு நடுவில் ஒரு மொட்டைக் கண்டவுடன், கடைக்குப் போய்க் கம்பிவலை வாங்கி வந்து, நானே வெட்டி, வளைத்து, கைவிரல்களெல்லாம் கீறுப்பட்டு ஒரு கூடு செய்தேன். அந்தச் செடிக்கூட்டத்தை முழுக்க மூடி, விளிம்பைச் சுற்றிக் கல் பாரம் வைத்தேன். வீட்டில் எல்லாரிடமும் சொன்னேன். கணவரிடம் சொன்னேன். அவர் ஹொக்கி பார்த்துக்கொண்டு ஓம் ஓம் என்றார். தொலைபேசியில் மகளிடம் சொன்னேன். "கூல், அம்மா" என்றாள். யாரும் அதைத் தொடக்கூடாது என்று இன்னும் எப்படித்தான் சொல்வது?

மே மாதத்தில் மாமாவின் திவசம். என் கணவரின் அப்பா. அவர் ஊரில் கண்ணை மூடியபோது பிள்ளைகள் எல்லாரும் இங்கே இருந்தார்கள், ஒருவராலும் போக முடியவில்லை. அதனால் திவசத்தை மட்டும் ஒரு குறையும் இல்லாமல் செய்ய வேண்டும் என்று என் மச்சாள், கணவரின் அக்கா, வருஷா வருஷம் லவாலிலிருந்து வந்து எங்களுடன் தங்குவார். நல்ல மனுசி. ஒருநாளும் என்னைக் கடிந்து பேசியதில்லை. ஒரேயொரு குறை, எனக்குச் சாமி பக்தி போதாது என்பது. அதையும் என் முகத்துக்கு நேரே சொன்னதில்லை. நான் சாமியறைக்குள் நுழைந்து விளக்கை ஏற்றிவிட்டு உடனே வெளியே வருவதைப் பார்த்து மெல்லப் பெருமூச்சு விடுவார். அவ்வளவுதான்.

அந்த முறை திதி சனிக்கிழமையில் வந்தது. வியாழக்கிழமை பின்னேரம் மொட்டின் பச்சைக்குள் இருந்து வெள்ளை எட்டிப் பார்த்தது. வெள்ளிக்கிழமை இன்னும் கொஞ்சம். வானிலை அறிக்கையில் சனிக்கிழமை நல்ல வெயில் என்றார்கள். என் வாழ்க்கையில் முதல்தடவையாக ஒரு பூ நான் வீட்டில் நிற்கும் நாளில் திறக்கப்போகிறது! ஐயர், சமையல், பந்தி என்று ஆயிரம் வேலை இருந்தாலும் நடுவில் ஒருதரம் ஓடிப்போய்ப் பார்த்துவிட்டு வரலாம் என்று கணக்குப் போட்டேன். வெள்ளிக்கிழமை மச்சாள் வந்து இறங்கியதும் வடைக்கு உழுந்து ஊறப்போட்டு, வாழைக்காய் வெட்டி, பருப்பு வறுத்து இரண்டு பேரும் முறிந்துபோனோம். அவர் தேத்தண்ணியோடு பின்படியில் போய்க் கொஞ்சம் இருந்தார். வளவைப் பார்த்துக்கொண்டு இருந்தார். அவர் எதைப் பார்த்தார் என்று நான் கவனிக்கவில்லை.

சனிக்கிழமை விடிந்து குசினிக்குள் போய் விளக்கைப் போட்டுவிட்டு, வழக்கம்போல யன்னலால் பீச் மரத்தடியைப் பார்த்தேன். கம்பிக்கூடு இடம் மாறி இருந்தது.

செருப்புப் போட்டேனா இல்லையா என்று ஞாபகமில்லை. ஓடினேன். மரத்தடியில் ஒன்றுமில்லை. மூன்றிலைத் தண்டுகள் நின்ற இடத்தில் நிலமட்டத்தோடு குட்டிக் குட்டிக் காம்புகள் மட்டும் ஈரமாக நின்றன. ஒற்றை இலைக் கன்றுகள் மாத்திரம் அப்படியே இருந்தன. முதலில் முயல் என்றுதான் நினைத்து வாய்க்கு வந்தபடி திட்டினேன். பிறகுதான் பார்த்தேன். கூடு கவிழாமல் ஒரு பக்கமாக நிமிர்த்தி வைக்கப்பட்டிருந்தது. பாரக் கற்கள் அதன் பக்கத்தில் அழகாக அடுக்கி வைக்கப்பட்டிருந்தன. முயல் கல் அடுக்காது.

உள்ளே வந்தபோது சாம்பிராணி மணத்தது. மச்சாள் முழுகி, ஈரத் தலையில் துவாய் சுற்றி, சாமியறை வாசலில் நின்றார். என்னைக் கண்டதும் முகமெல்லாம் மலர்ந்து கையைப் பிடித்து உள்ளே இழுத்தார்.

"இஞ்சை வாரும், வந்து பாரும்."

பார்த்தேன். சிவன் படத்தின் பாதத்தில் என் மூன்றிலைகள் எல்லாம் கழுவித் துடைத்து வரிசையாக வைக்கப்பட்டிருந்தன. நடுவில், எல்லாவற்றுக்கும் மேலே, இன்னும் திறக்காத என் மொட்டு.

"வில்வம்!" என்றார். "இந்தக் குளிருக்குள்ள, உம்மட வளவுக்குள்ள! நேற்றுப் பின்னேரமே கண்ணில பட்டிட்டுது. விடிய முழுகிப்போட்டுப் போய் ஆய்ஞ்சனான். ஒரு இலையைக்கூடப் பழுதாக்கேல்லை."

"மச்சாள், இது வில்வமில்லை."

"மூண்டு இலை ஒரு காம்பில நிக்குது. பேந்து வேற என்ன? இஞ்சத்தைய வில்வம் கொஞ்சம் பெரிசாக்கும். கடையில வாங்கிற காஞ்ச வில்வத்தை அப்பான்ர படத்துக்கு முன்னால வைக்க ஒவ்வொரு முறையும் எனக்கு வயித்தெரிச்சல். தேயிலைத்தூள் மாதிரி உதிருது. வில்வம் இல்லாமல் அப்பா ஒருநாளும் சாமி கும்பிட்டதில்லை, தெரியுமே?" அவர் கண் நிறைந்துவிட்டது. "ஒத்தை இலையெல்லாத்தையும் விட்டிட்டன். அதுகள் வளரட்டும்."

கத்தியிருப்பேன். சத்தியமாகக் கத்தியிருப்பேன். ஆனால் தகப்பனுக்குக் கடைசிமுறை வாய்க்கரிசி போடக் கிடைக்காத ஒருவர், திவசத்தன்று ஈரத் தலையோடு என் கையைப் பிடித்து அழும்போது என்ன கத்துவது? அப்போதுதான் அழைப்புமணி அடித்தது. ஐயர் வந்துவிட்டார்.

ஐயர் சாமியறைக்குள் வந்ததும் படத்தைக் குனிந்து பார்த்தார். அவருக்கு வில்வம் எது, வில்வம் இல்லாதது எது என்று தெரியாமல் இருக்குமா? என் முகத்தைப் பார்த்தார். மச்சாளின் முகத்தைப் பார்த்தார். "கண்ணுக்குக் குளிர்ச்சியா இருக்கு" என்று சொல்லிவிட்டு எள்ளையும் தர்ப்பையையும் எடுத்து வைத்தார். அந்த மனிதராவது உண்மையைச் சொல்லியிருக்கலாம். எனக்கு அவர்மேலும் கோபம் வந்தது.

பந்தியில் நடந்ததை நினைத்தால் இன்றைக்கும் பற்றிக்கொண்டு வருகிறது. வாழையிலை போட்டு எல்லாரும் இருந்தார்கள். நான் குனிந்து குனிந்து சோறு பரிமாறினேன். மச்சாள் பருப்புச் சட்டியோடு எனக்குப் பின்னால் வந்தபடி ஒவ்வொருவரிடமும் சொன்னார்.

"இவ வில்வம் வளர்த்து வச்சிருக்கிறா. சும்மா இல்லை, கம்பிக்கூடு அடிச்சு, சுத்திவரக் கல்லு வச்சு, முயல் தின்னாமல் பிள்ளை மாதிரிப் பாத்து வளர்த்திருக்கிறா. நானும் இவவுக்குச் சாமியில பிடிப்பில்லை எண்டெல்லோ நினைச்சுக்கொண்டிருந்தனான். பிழையா நினைச்சிட்டன்."

எல்லோரும் நிமிர்ந்து என்னைப் பார்த்தார்கள். எங்கள் ஆட்களில் ஒருவர் ஒரு செடிக்கு இவ்வளவு பாடுபட்டால் அது ஒன்றில் குசினிக்கு, இல்லாவிட்டால் சாமிக்கு. கறிவேப்பிலையைப் பனிக்காலம் முழுக்க வரவேற்பறையில் விளக்குப் போட்டு வைத்திருப்பவர்கள் அங்கே இருந்தார்கள். துளசிக்குப் போர்வை போர்த்துபவர் ஒருவர் இருந்தார். கூடு போட்டுக் காப்பாற்றிய செடியைச் சும்மா பார்ப்பதற்கென்று வைத்திருக்கலாம் என்று ஒருவருக்கும் தோன்றவில்லை. அஹுன்ட்சிக்கிலிருந்து வந்த ஒரு பெண் சாம்பாரை ஊற்றச் சொல்லிவிட்டு, "அக்கா, எனக்கும் ஒரு கண்டு தாங்கோவன்" என்று கேட்டாள். இன்னொருவர் நாற்றுக்குப் பேர் எழுதிவைக்கச் சொன்னார். எத்தனையோ வருஷமாக அந்த வளவைப் பற்றை என்று சொன்ன அதே வாய்கள் அன்று புகழ்ந்தன. நான் பல்லைக் காட்டிக்கொண்டு அப்பளம் வைத்தேன்.

பாயாசம் எடுக்கக் கராஜுக்குள் போனபோது கணவர் குளிர்ப்பெட்டியைத் திறந்தபடி நின்றார். கதவைச் சாத்திவிட்டுக் கேட்டேன்.

"அக்காவை ஆய விட்டது நீங்களோ?"

"அக்கா நேற்றுக் கேட்டவ, பின்னுக்கு நிக்கிறதை ஆயலாமோ எண்டு. எவ்வளவும் ஆயுங்கோ எண்டனான்." என் முகத்தைப் பார்த்துவிட்டு, "ஏன், என்ன நடந்தது?" என்றார்.

"அது என்ர பூ. ஏழு வருஷமாப் பாத்துக்கொண்டு இருந்தனான்."

"ஒரு பூதானே. அடுத்த வருஷம் பூக்கும்தானே."

"பூக்காது! இலையையும் சேர்த்துப் பிடுங்கினால் கிழங்கு பட்டினி கிடக்கும். ஒத்தை இலையில இருந்து திருப்பித் தொடங்கவேணும். எனக்கு அப்ப எத்தனை வயசு?"

"மெல்லக் கதையும். அக்காவுக்குச் சொல்லிப்போடாதையும், அழுவா."

"நான் அழுறது உங்களுக்குத் தெரியேல்லையோ?"

அவர் குளிர்ப்பெட்டிக் கதவை மூடினார். உண்மையாகவே குழம்பிப்போய் நின்றார். "இதெல்லாம் எனக்கு எப்ப சொன்னனீர்?"

"எத்தனைதரம் சொன்னனான்! எத்தனை வருஷம் சொன்னனான்!"

அவர் பொய் சொல்லும் மனிதர் அல்ல, அதுதான் பிரச்சினை. "வேலையால வந்து அந்த மரத்தடியில போய் நிக்கிறனீர் எண்டு தெரியும்" என்றார். "களைச்சுப்போய்ச் சத்தமில்லாமல் நிக்கிறீர், நிக்கட்டும் எண்டு விட்டனான். என்னத்தைப் பாக்கிறீர் எண்டு நான் கேக்கேல்லை."

அந்தப் பதில் பூ போனதைவிட எனக்கு வலித்தது. நான் நிற்பதை அவர் பார்த்திருக்கிறார், வருஷக்கணக்காக. குசினியிலிருந்தோ படியிலிருந்தோ முதுகுப்பக்கத்தைப் பார்த்திருக்கிறார். இறங்கி வந்து பக்கத்தில் நின்று, அங்கே என்ன இருக்கிறது என்று ஒருதடவை எட்டிப் பார்க்க அவருக்குத் தோன்றவில்லை. பாயாசச் சட்டியை அவர் கையில் கொடுத்துவிட்டு நான் முன்னால் போனேன். உள்ளே இருந்து யாரோ அப்பளம் கேட்டார்கள்.

பின்னேரம் ஆட்கள் ஒவ்வொருவராகப் புறப்பட்டார்கள். சாப்பாட்டைக் கட்டிக் கொடுத்தேன். கணவர் இரவலாக வாங்கிய கதிரைகளைத் திருப்பிக் கொடுக்கப் போனார். மச்சாள் களைப்பில் சோபாவில் கண்ணயர்ந்துவிட்டார். வெளியே இன்னும் நல்ல வெயில். வானிலை அறிக்கை ஒருதடவையாவது சரியாகச் சொல்லியிருந்தது. இந்த நேரத்துக்கு மரத்தடியில் திறந்திருக்கும் என்று நினைக்க நினைக்க எனக்கு விசர் வந்தது. சாமியறைக் குப்பையையாவது ஒதுக்குவோம் என்று விளக்குமாற்றோடு உள்ளே போனேன்.

பூ திறந்திருந்தது.

விளக்கின் சூடோ, அறையின் சூடோ தெரியாது. சிவன் பாதத்தில், துவண்டுபோன இலைகளின்மேல், மூன்று வெள்ளை இதழும் முழுதாக விரிந்து பின்னால் வளைந்து நின்றன. விளிம்புகள் இலேசாக நெளிந்திருந்தன. இதழில் நரம்பு ஓடுவது தெரிந்தது. நடுவில் மஞ்சள் மகரந்தம் கொஞ்சம் உதிர்ந்து கழுவிய இலையில் படிந்திருந்தது. போனில் பார்த்த எந்தப் படத்திலும் இந்த வெள்ளை இல்லை. நான் விளக்குமாற்றைச் சுவரில் சாத்திவிட்டு நிலத்தில் இருந்தேன்.

எவ்வளவு நேரம் இருந்தேனோ தெரியாது. நாளைக்கு இது பழுப்பாகிவிடும். கிழங்கு பிழைத்தாலும் இதைப்போல இன்னொன்றைப் பார்க்க நான் எத்தனை சருகுச் சண்டை போட வேண்டும், எத்தனை முயலைத் துரத்த வேண்டும்? கண்ணைத் துடைக்கவும் மனமில்லை, அந்த நேரமும் வீண் என்று தோன்றியது. பின்னால் காலடி கேட்டது. மச்சாள் எழும்பி வந்து வாசலில் நின்றார். சத்தம் போடாமல் வந்து எனக்குப் பக்கத்தில் சம்மணம் போட்டு இருந்தார். என் கன்னத்தைப் பார்த்தார்.

"சாமிக்கு முன்னால நீர் இப்பிடி இருந்து நான் ஒருநாளும் கண்டதில்லை" என்றார் மெல்ல. "எல்லாம் அப்பான்ர ஆசீர்வாதம்."

சொல்லலாம் என்று வாயைத் திறந்தேன். சொன்னால் அவர் அழுவார், நான் ஆறுதல் சொல்ல வேண்டும், தேத்தண்ணி போட எழும்ப வேண்டும், அதற்குள் வெளிச்சம் போய்விடும். அவர் மறுபடி ஏதோ சொல்லத் தொடங்கினார். கும்பிடுகிறவளோடு மச்சாள் பேசமாட்டார் என்று எனக்குத் தெரியும். அதனால் இரண்டு கையையும் கூப்பினேன். அவர் உடனே பேச்சை நிறுத்திவிட்டுத் தானும் கண்ணை மூடிக்கொண்டார். நான் மூடவில்லை.